வேலை விட்டுவைத்த பொழுது

தமிழர்களின் பொழுதுபோக்கு மாறிய கதையைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் கருவிகளை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். கூத்தைச் சினிமா விழுங்கியது, சினிமாவைத் தொலைக்காட்சி விழுங்கியது, தொலைக்காட்சியைக் கைப்பேசி விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்தக் கதை போகும். கூடவே ஒரு புலம்பலும் வரும்: அந்தக் காலத்தில் ஊர் கூடி ரசித்தார்கள், இப்போது ஆளுக்கொரு திரையில் தலையைக் கவிழ்த்திருக்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டவருக்கு அந்த இரவு எங்கிருந்து கிடைத்தது? அரை நிமிடக் காணொளி பார்ப்பவரின் மீதிப் பொழுது எங்கே போயிற்று? கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், புதியம்புத்தூர் என்று விரியும் கரிசல் வட்டாரத்தின் மூன்று நான்கு தலைமுறை வாழ்க்கையை வைத்துப் பார்த்தால், ரசனையையும் கருவியையும்விட வேலையின் அமைப்பே மக்களின் பொழுதுபோக்கைத் தீர்மானித்து வந்திருப்பது தெரிகிறது. வேலை எந்த அளவில், எந்த வடிவில் பொழுதை விட்டுவைத்ததோ, அதற்குப் பொருந்திய ஊடகமே அந்தந்தத் தலைமுறையில் வேர்பிடித்திருக்கிறது.

கரிசல் மானாவாரி பூமி. வற்றாத ஆறு எதுவும் இங்கே கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் கம்பு, சோளம், உளுந்து, பாசி என்று வீடு கொண்டுவந்து சேர்ப்பார்கள். பருத்தி எடுப்பு இன்னும் கொஞ்ச நாள் நீளும். அதன்பின் அடுத்த மழை வரைக்கும் கோடை உழவு தவிர நிலத்தில் பெரிய வேலை இல்லை. பங்குனிப் பொங்கல், அம்மன் கொடை, குலதெய்வ வழிபாடு, கல்யாணம் காட்சி எல்லாம் இந்த இடைவெளியில் வந்து குவிந்தன. கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவும், பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயிலின் கோடைத் திருவிழாவும் இன்றும் அந்த நாட்காட்டியின் சாட்சிகள். ஒரு கதையை இரவு முழுக்கப் பாடும் வில்லுப்பாட்டும், ஊர் இளவட்டங்கள் வாரக்கணக்கில் பழகி ஆடும் தேவராட்டமும், பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் ஸ்பெஷல் நாடகமும் இப்படிப்பட்ட பருவ ஓய்வில் மட்டுமே தழைக்கக்கூடிய கலைகள். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு, மறுநாள் காலை எட்டு மணிக்கு எந்த வாசலிலும் கைரேகை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வில்லிசை வேந்தர் பிச்சைக்குட்டியைப் பற்றி உருளைகுடி எழுத்தாளர் சோ. தர்மன் தனி நூலே எழுதினார். அந்தக் கலைஞருக்குக் கிடைத்த புகழில் அவருடைய திறமைக்குப் பெரும்பங்கு உண்டு. கேட்பவர்களிடம் முழு இரவு இருந்ததற்கும் ஒரு பங்கு உண்டு.

இதை வைத்து அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிடக் கூடாது. பருவம் தந்த ஓய்வு எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. ஊர்ச் சாவடியில் தாயமும் ஆடுபுலியும் ஆடிக்கொண்டு கதை பேசியவர்கள் ஆண்கள். அதிலும் அந்தச் சாவடிக்கு உரிமை கொண்டாடிய சாதிகளின் ஆண்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் மேளம் அடிக்கவும் பந்தல் போடவும் கொடைக்குத் தேவைப்பட்டார்கள். உட்கார்ந்து பார்ப்பதற்கு அவர்களுக்கு ஒதுங்கிய மூலை. பெண்களுக்குப் பருவ ஓய்வும் கிடையாது. கோடையில்தான் தண்ணீருக்கு அதிக தூரம் நடக்க வேண்டும், விறகு சேர்க்க வேண்டும், தானியம் புடைத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அவர்களுடைய கலைகள் வேலைக்குள்ளேயே பிறந்தன: களையெடுப்புப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. கி. ராஜநாராயணன் சேகரித்த நாட்டுப்புறக் கதைகளில் பலவும் இப்படி வாய்வழியாகப் புழங்கியவையே. மழை பொய்த்த வருடத்தில் கோடை நீளும். ஆனால் அதற்குப் பெயர் ஓய்வு இல்லை, பட்டினி. கையில் தானியம் இருந்தவருக்குத்தான் சும்மா இருக்கும் காலம் கொண்டாட்டக் காலமாக அமைந்தது.

பருவத்துக்குப் பதிலாகக் கடிகாரம் பொழுதை அளக்கத் தொடங்கியது ஆலைகளால். தூத்துக்குடியில் ஆர்வி நிறுவனத்தின் கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அதை வழிநடத்தினார்கள். கூலி உயர்வோடு, வேலைநேரக் குறைப்பும் வார விடுமுறையும் அவர்கள் கேட்டவை. மார்ச் முதல் வாரத்துக்குள் அவற்றை வென்றார்கள். சுதேசி இயக்கத்தின் ஓர் அத்தியாயமாகவே இதை நாம் படித்து வருகிறோம். பொழுதின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. மழையும் சாமியும் தந்துகொண்டிருந்த ஓய்வை, இந்த மண்ணில் மனிதர்கள் முதன்முறையாக முதலாளியிடம் உரிமையாகக் கேட்டு வாங்கியது அப்போதுதான். உலக அளவில் எட்டு மணி நேர வேலைக்கான சர்வதேச உடன்படிக்கை 1919-இல்தான் வந்தது. இந்தியத் தொழிற்சாலைகளுக்கு வாரம் 48 மணி என்ற வரம்பு 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்தில் நிலைபெற்றது. ஞாயிறு என்று ஒரு நாளும், வேலைக்குப் பின் மாலை என்று ஒரு நேரமும் உருவான பிறகே, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் பொழுதுபோக்குக்குச் சந்தை உருவானது.

அந்தச் சந்தைக்கு வந்த சரக்கு சினிமா. நகரத்துக் கொட்டகைகள் ஒருபுறம் இருக்க, கரிசல் கிராமங்களுக்குப் படத்தைக் கொண்டுவந்தவை டூரிங் டாக்கீஸ்கள். கூடாரத்துக்குள் இருட்டு வேண்டும் என்பதால் பொழுது சாய்ந்த பின்பே படம் ஓடும். அதனால் காட்டு வேலைக்குப் போனவரும் மில்லுக்குப் போனவரும் வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டுப் போய்ப் பார்க்க முடிந்தது. தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசுக்கு ஏற்ப இடம் பிரித்தார்கள். சாதி பார்த்து உட்கார வைத்த சாவடிக்குப் பக்கத்தில் இது ஒரு புதுமை. தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகையே என்று கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியது இங்கே பொருந்தும். பழைய கதைகளும் புதிய அளவுக்குத் தங்களைச் சுருக்கிக்கொண்டன. இந்த வட்டாரத்தின் சொந்தக் கதையான கட்டபொம்மன் கதை அதற்கு நல்ல சான்று. பல இரவுகள் பாடப்பட்ட கதைப்பாடலாக இருந்தது அது. 1950-களின் பிற்பகுதியில் சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் வசனத்தில் மேடை நாடகமானது, 1959-இல் பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் படமானது. அதன்பின் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் சிவாஜி கணேசனின் வசனமாகவே ஊருக்குள் திரும்பி வந்தது. கதை மாறவில்லை, கேட்பவருக்கு வாய்த்த நேரம் மாறியிருந்தது. வாசிப்பும் அப்படியே. கொஞ்சமாகப் படிக்கத் தெரிந்தவருக்கும் எட்டும்படி 1942-இல் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’, டீக்கடையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் நாளிதழானது. ஒரு டீ குடிக்கும் நேரமே அதன் அளவு.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரிசலின் வேலையைத் தலைகீழாக மாற்றியது தீப்பெட்டித் தொழில். மழை இல்லாத பூமி என்ற குறையே தீப்பெட்டிக்கு நிறையானது. ஈரமில்லாத காற்றும் குறைந்த கூலிக்கு ஆட்களும் சேர்ந்தே கிடைத்தன. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் பெண்களும் பிள்ளைகளும் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லப்பட்ட தொழிற்சாலைக்குப் போய்த் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கினார்கள். போகாதவர்கள் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினார்கள். எண்ணிக்கைக்குக் கூலி. கோடை என்ற பருவ ஓய்வு இத்தோடு போயிற்று. உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இப்போது ஒரு விலை ஏறிவிட்டது. கண்ணும் கையும் வேலையில் மாட்டிக்கொள்ள, காது மட்டும் சும்மா இருந்தது. அந்தக் காதுக்கு வந்தது வானொலி. 1963-இல் திருநெல்வேலி நிலையம் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே கடல் தாண்டித் தெளிவாகக் கேட்ட இலங்கை வானொலி தென்மாவட்டங்களைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தது. மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் 1952 முதல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலை ஒடுக்கியபோது, நேயர்கள் கொழும்புக்குப் போனார்கள். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் இங்கே வீட்டுக் குரல்களாயின. வானொலி வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. வேலையோடு கூடவே உட்கார்ந்துகொண்டது. ஒரு விதத்தில் அது களையெடுப்புப் பாட்டின் இடத்தை எடுத்துக்கொண்டது. வேறுபாடு இதுதான்: முன்பு பாடியவர்கள் இப்போது கேட்பவர்களானார்கள்.

இந்தக் கணக்கில் பெரிய நட்டம் பிள்ளைகளுக்கு. விடிவதற்கு முன் ஊர் ஊராக வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற தீப்பெட்டி ஆபீஸ் பேருந்துகள் 1980-களில் நாடறிந்த செய்தி. கிட்டிப்புள்ளும் பாண்டியும் மறைந்ததற்குத் தொலைக்காட்சியைக் குற்றம் சொல்பவர்கள், அது பெட்டியாக வீடுகளுக்கு வருவதற்கு முன்பே இந்தப் பிள்ளைகளின் மாலைநேரம் போய்விட்டதை மறந்துவிடுகிறார்கள். அதே சிவகாசியில் அச்சான முத்து காமிக்ஸ் 1970-களிலிருந்து தமிழ்ச் சிறுவர்களுக்கு இரும்புக்கை மாயாவியைக் கொடுத்தது. அதைப் படிக்கும் பொழுது அதே வட்டாரத்தின் எத்தனையோ பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், எம்.சி. மேத்தா வழக்கில் 1996-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், மதிய உணவும், இயந்திரமயமும் சேர்ந்தே பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பின. விளையாட்டு நேரம் கருவியால் பறிபோகவும் இல்லை, கருவியால் திரும்பி வரவும் இல்லை.

தொலைக்காட்சி சென்னையில் 1975-இல் வந்தாலும், தென்கோடிக்கு அது சேரப் பல ஆண்டுகள் ஆயின. தூத்துக்குடிப் பக்கத்தில் உயரமான ஆண்டெனா கட்டியவர்களுக்கு 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியே முதல் திரை. பிறகு தூர்தர்ஷன், பஞ்சாயத்துத் தொலைக்காட்சிப் பெட்டி, ஞாயிறு காலை ராமாயணம், வெள்ளி இரவு ‘ஒளியும் ஒலியும்’. கேபிளும், 1993-இல் சன் டிவியும் வந்தன. 2006-க்குப் பின் தமிழக அரசு சுமார் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. நெடுந்தொடரைக் கேலி செய்வது நம் எழுத்தாளர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் சாவடியும் டீக்கடையும் இரண்டாம் ஆட்டமும் ஆண்களுடையதாக இருந்த ஊரில், வீட்டை விட்டு இறங்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், தினமும் தனக்கென்று அரை மணி நேரத்தைப் பெண் எடுத்துக்கொண்டது இதில்தான். தொடரின் அளவும் சமையல் முடிந்து சாப்பாட்டுக்கு முந்திய அவளுடைய இடைவெளியின் அளவும் ஒன்றாக இருந்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

இப்போது புதியம்புத்தூர். ஆயத்த ஆடைத் தொழிலால் குட்டித் திருப்பூர் என்று பெயர் வாங்கிய ஊர் அது. சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்தே தைக்கின்றன. துணியை வெட்டுவது ஓரிடம், தைப்பது இன்னோரிடம், காஜா, பட்டன், மடிப்பு வேறோரிடம். பலருக்குத் தையல் மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. பீஸ் கணக்கில் கூலி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பள்ளித் திறப்புக்கும் முந்திய வாரங்களில் இரவு பகல் தெரியாமல் வேலை ஓடும். இதில் கவனிக்க வேண்டிய ஒரு புரட்டல் இருக்கிறது. மானாவாரிக் காலத்தில் வேலை முடிந்த பின் திருவிழா வந்தது. ஆடை தைக்கும் ஊரிலோ, மற்றவர்கள் திருவிழாவுக்குத் தயாராகும் காலமே வேலையின் உச்சம். பட்டாசு செய்யும் சிவகாசிக்கும் இதே கதிதான். ஊரோடு சேர்ந்து ஓய்வெடுக்கும் நாட்காட்டியே இங்கே கலைந்துவிட்டது. ஒரே தெருவில் ஒருவருக்கு வேலை இருக்கும்போது மற்றவருக்கு இருக்காது. ஒருவர் ஷிப்டு முடிந்து வரும்போது மற்றவர் கிளம்புவார். எஞ்சுவது துண்டுப் பொழுதுகள்: நூல் மாற்றும் நேரம், மின்தடை நேரம், வெட்டிய துணி வந்துசேரக் காத்திருக்கும் நேரம், பேருந்தில் போகும் நேரம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்தபோது, இந்தத் துண்டுகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல வந்து பொருந்தியது அரை நிமிடக் காணொளி. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். பழக்கம் தடைபடவில்லை, வேறு செயலிகளுக்கு இடம் மாறியது. கருவியை எடுத்துவிட்டாலும் அது நிரப்பிய துண்டுப் பொழுது அப்படியே இருந்ததுதான் காரணம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வாதங்கள் வலுவானவை. முதலாவது, ஓய்வு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது என்பது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட இந்தியர்கள் பண்பாடு, ஓய்வு, ஊடகம், விளையாட்டு ஆகியவற்றுக்குச் செலவிட்டது 2019-இல் நாளின் 9.9 விழுக்காடு, 2024-இல் 11 விழுக்காடு. அதாவது நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். உண்மைதான், கிரைண்டரும் குழாய்த் தண்ணீரும் எரிவாயுவும் பொழுதை மீட்டுத் தந்திருக்கின்றன. ஆனால் கூட்டுத்தொகை ஓய்வின் வடிவத்தைச் சொல்லாது. தொடர்ச்சியான இரண்டரை மணி நேரத்தில் ஒரு நாடகம் பார்க்கலாம், ஆக்கி ஆடலாம், ஒரு நாவலில் பாதியைப் படிக்கலாம். ஐந்தைந்து நிமிடமாக முப்பது துண்டுகள் கிடைத்தால் இவற்றில் ஒன்றும் ஆகாது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது: கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களில், 2024-இல் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். வீட்டு வேலை ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. அது நாள் முழுவதையும் கூறுபோடும். ஆகவே பொழுது அதிகமாகத் துண்டுபடுவதும் பெண்களுக்குத்தான்.

இரண்டாவது வாதம் கருவியின் பக்கம் நிற்கிறது. அமெரிக்காவில் கூட்டு வாழ்க்கை தேய்ந்ததற்குத் தொலைக்காட்சி முக்கியக் காரணங்களில் ஒன்று என்று 2000-இல் வெளியான நூலில் ராபர்ட் புட்னம் வாதிட்டார். பீஸ் ரேட்டுக்கு உட்காராத மாணவரும் மாதச் சம்பளக்காரரும் ஓய்வூதியக்காரரும்கூடத் திரையை விடுவதில்லையே, பிறகு வேலையை எப்படிக் காரணம் சொல்வது என்று கேட்கலாம். இதில் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஒரு காணொளி முடியும் முன்பே அடுத்ததை ஓடவிடும் செயலி, பார்ப்பவரின் நிமிடங்களை விளம்பரதாரருக்கு விற்றுப் பிழைக்கிறது; துண்டுப் பொழுதை நிரப்ப வந்தது முழுப் பொழுதையும் துண்டாக்கக் கற்றுக்கொண்டது. ஆனாலும் கருவியே எல்லாம் என்றால், அதே கைப்பேசி இருக்கும் கோவில்பட்டியில் ஆக்கி அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. பல தலைமுறைகளாக ஆக்கி மட்டையைக் கீழே வைக்காத அந்த ஊரிலிருந்துதான் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார். காரணம் எளிது: அங்கே மைதானம் உண்டு, பயிற்சிக்கென்று குறித்த நேரம் உண்டு, கூட ஆட ஆள் உண்டு. இந்த மூன்றும் இல்லாத மாணவருக்கும் முதியவருக்கும் கைப்பேசிக்கு மாற்றாக நாம் எதைக் கொடுத்திருக்கிறோம்? கொடை நாட்களில் வெளியூர் போனவர்கள் விடுப்பு எடுத்து வந்து இரவெல்லாம் பந்தலில் உட்காருவதும் இதைத்தான் சொல்கிறது. பொழுது ஒன்றாக வாய்க்கும் இடத்தில் மக்கள் இன்றும் ஒன்றாகவே கூடுகிறார்கள்.

மூன்றாவது வாதம் வயிற்றைப் பற்றியது. மழையை நம்பிக் கிடந்த கரிசலுக்குத் தீப்பெட்டியும் தையலும் சோறு போட்டன. ஓய்வைப் பற்றிப் பேசுவது வசதியுள்ளவர்களின் கவலை என்பார்கள். தொழில் வந்ததால் பெண்களின் கையில் காசு வந்ததையும், மழை பொய்த்தால் ஊரை விட்டுப் போகும் துயரம் குறைந்ததையும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1908-இல் வார விடுமுறை கேட்டவர்கள் வசதியுள்ளவர்கள் இல்லை. அரைவயிற்றுக் கூலிக்கு நூற்றவர்கள். கூலியையும் பொழுதையும் அவர்கள் ஒரே கோரிக்கையாகத்தான் வைத்தார்கள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நூறாண்டுக்கு மேல் ஆகியும் சண்டை அதே இடத்தில்தான் நிற்கிறது. வீட்டில் தைக்கும் பெண்ணுக்கோ, தொழிற்சாலைச் சட்டத்தின் 48 மணி நேர வரம்புகூட எட்டுவதில்லை.

ஆகவே ஊடகப் பழக்கத்தை மாற்ற நினைப்பவர்கள் ஊடகத்திலிருந்து தொடங்கினால் பயன் குறைவு. பீஸ் ரேட்டில் கூலியைக் கூட்டுவது பொழுதைக் கூட்டுவதுதான். பத்துச் சட்டைக்குக் கிடைத்தது எட்டுச் சட்டைக்கே கிடைத்தால் இரண்டு சட்டையின் நேரம் தைப்பவருக்கு மிச்சம். வீட்டு வேலையை ஆண்கள் பங்கிட்டால் பெண்ணின் மாலை ஒன்றுசேரும். ஷிப்டு முடிகிற வேளையில் திறந்திருக்கும் நூலகமும், விளக்குப் போட்ட மைதானமும், சாதி பார்க்காத பொது மண்டபமும் ஒவ்வொரு பெரிய கிராமத்துக்கும் வேண்டும். இவற்றைச் செய்யாமல் கூத்து அழிந்தது, வாசிப்பு அழிந்தது என்று வருந்துவதில் பொருளில்லை. பிள்ளையின் கையிலிருக்கும் திரையைப் பார்த்துக் கோபப்படும் பெற்றோரும், மக்களின் ரசனையைப் பழிக்கும் அறிஞர்களும், எவ்வளவு நேரம் பார்க்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, அதன்பின் போவதற்கு ஊரில் என்ன இடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.